"அடி வாங்காத கதை ஒண்ணு இருக்காண்ணா?"

(அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாளையொட்டி எங்கள் காலனிப் படிப்பகத்தில் நடந்த புத்தக அறிமுகக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களுக்கும், வேலை முடிந்து நேராக இங்கே வந்திருக்கும் அம்மாக்களுக்கும், பின்வரிசையில் செல்போனோடு உட்கார்ந்திருக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

புதிதாக வந்திருக்கும் நாவல்களிலும் தன்வரலாறுகளிலும் எவற்றை வாங்கலாம் என்று சொல்லச் சொல்லித்தான் என்னை அழைத்தார்கள். படிப்பகத்துக்காக 5,000 ரூபாய் சேர்த்திருக்கிறார்கள். அதில் நூறு நாள் வேலைக் கூலியிலிருந்து வந்த ஐம்பதும் நூறும் இருப்பது எனக்குத் தெரியும். அதனால் இது வெறும் இலக்கியப் பேச்சு இல்லை. அந்தப் பணம் எந்தப் புத்தகத்துக்குப் போக வேண்டும் என்கிற கணக்கும் இதில் இருக்கிறது.

இங்கே வந்து படிக்கும் பதினொன்றாம் வகுப்புத் தங்கை ஒருத்தி. பெயர் வேண்டாம், இங்கேதான் இருக்கிறாள். பாமாவின் 'கருக்கு', கே.ஏ. குணசேகரனின் 'வடு', ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' என்று வரிசையாக அவளுக்கு எடுத்துக் கொடுத்தேன். மூன்றாவதைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டாள்: "நாம அடி வாங்காத கதை ஒண்ணு இருக்காண்ணா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? வரலாறு சொன்னேன். வலியை ஏன் எழுத வேண்டும் என்று பத்து நிமிடம் விளக்கினேன். வாத்தியாருக்குத் தலையாட்டுவதுபோல அவளும் தலையாட்டினாள். வீட்டுக்குப் போன பிறகுதான், அவள் கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை என்பது உறைத்தது.

'கருக்கு' 1992இல் வந்தது. சேரிப் பேச்சையே உரைநடையாக்கி ஒரு பெண் எழுதிய அந்தப் புத்தகம் வந்திராவிட்டால் இந்தப் பேச்சும் இல்லை, இந்த அலமாரியும் இல்லை. நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. என் வருத்தம் வேறு. நம்மிடமிருந்து காயத்தை மட்டும்தான் புத்தகச் சந்தை கேட்கிறது. பல்கலைக்கழகமும் அதையேதான் கேட்கிறது. கடைக்குப் போனால் துப்பறியும் கதைக்கு ஒரு தட்டு, காதலுக்கு ஒரு தட்டு, அறிவியல் புனைவுக்கு ஒரு தட்டு இருக்கும். நாம் எதை எழுதினாலும் 'தலித் இலக்கியம்' என்கிற ஒரே தட்டுக்குத்தான் போகும். ஊருக்குள் இடம் தராமல் தெற்கே ஒதுக்கியதைப் போலத்தான் இதுவும்.

அண்ணலிடமிருந்தே தொடங்குகிறேன். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று அவர் எழுதிய சிறு நினைவுக்குறிப்பு உண்டு. 1901இல், ஒன்பது வயதுச் சிறுவனாக, கோரேகானில் இருந்த அப்பாவைப் பார்க்கப் புறப்படுகிறார். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது அழைத்துப்போக யாரும் வரவில்லை. நல்ல உடை போட்டிருந்த பிள்ளைகளிடம் அன்பாகப் பேசிய ஸ்டேஷன் மாஸ்டர், மகார் என்று தெரிந்ததும் விலகிப் போகிறார். இரட்டைக் கூலி தருகிறோம் என்றாலும் வண்டிக்காரர்கள் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் பிள்ளைகளே மாட்டு வண்டியை ஓட்டுகிறார்கள், வண்டிக்காரர் பக்கத்தில் நடந்து வருகிறார். கையில் சோறு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. இவ்வளவையும் அழுகையே இல்லாமல், சாட்சிக் கூண்டில் நின்று சொல்வதுபோலச் சொல்கிறார் அண்ணல்.

இந்த நினைவுகளை வைத்து 2011இல் 'பீமாயணா' என்ற படக்கதை வந்தது. வரைந்தவர்கள் பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம். எழுத்து ஸ்ரீவித்யா நடராஜன், எஸ். ஆனந்த். காமிக்ஸில் பேச்சு வரும் குமிழி இருக்கும் அல்லவா, இதில் அதிலேயே ஒரு வேலை செய்திருக்கிறார்கள். மென்மையாகப் பேசுகிறவரின் சொல் பறவை வடிவத்தில் வரும். சாதி விஷத்தைக் கக்குகிறவரின் சொல்லுக்குத் தேள் கொடுக்கு இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகூட யார் கொட்டுகிறார் என்று படத்தைப் பார்த்தே சொல்லிவிடும். பெரிய அளவுப் புத்தகம், விலையும் கூடுதல். இருந்தாலும் பட்டியலில் முதலில் இதைத்தான் வைக்கிறேன். நம் படிப்பகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஆறாம் வகுப்புக்குக் கீழே.

அடுத்தது குற்றக்கதை. பூமணியின் 'வெக்கை'. "புதுசு கேட்டால் 1982க்குப் போகிறாரே" என்று முன்வரிசைத் தோழர் சிரிக்கிறார். 'அசுரன்' படத்தை எல்லோரும் பார்த்தோம், நாவலைப் படித்தவர்கள் கையைத் தூக்குங்கள். மூன்று பேர். அப்படியென்றால் மற்றவர்களுக்கு அது புதிய புத்தகம்தான்.

பதினைந்து வயதுப் பையன், அண்ணனைக் கொன்ற பணக்காரனை வெட்டிவிட்டு ஓடுகிறான். அங்கேதான் நாவல் தொடங்குகிறது. அதன் பிறகு அப்பனும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரிகிறார்கள். சமைக்கிறார்கள், தூங்குகிறார்கள், பழைய கதை பேசுகிறார்கள். படத்தில் இருக்கும் வேகத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். அந்த அப்பன் மகனை ஒரு வார்த்தை திட்டுவதில்லை. பிள்ளை பசி தாங்குவானா, கால் நோகுமா என்றுதான் அவர் கவலையெல்லாம். ஒரு கொலையிலிருந்து தொடங்கி இவ்வளவு அன்பை எழுத முடியும் என்பது எனக்கு இந்த நாவலில்தான் தெரிந்தது. சாதிப் பெயரை உரக்கச் சொல்லாமலே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார் பூமணி.

இமையத்தின் 'பெத்தவன்' பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், ஒரே மூச்சில் படித்துவிடலாம். 2012இல் வந்தது. தலித் இளைஞனைக் காதலித்த பெண்ணைக் கொல்லச் சொல்லி, பெற்ற அப்பனுக்கே ஊர் கெடு வைக்கிற கதை. அதே ஆண்டு நவம்பரில்தான் தருமபுரி நத்தம் காலனி எரிக்கப்பட்டது.

நகரத்துக் கதை வேண்டுமென்றால் தமிழ்ப்பிரபாவின் 'பேட்டை', 2018. கூவம் கரையில் இருக்கும் சிந்தாதிரிப்பேட்டையைப் பற்றிய நாவல். 'சார்பட்டா பரம்பரை' படத்தின் எழுத்தில் பங்கெடுத்தவர் இவர். மெட்ராஸ் பாஷை பேசுகிறவன் என்றால் ரவுடி, இல்லையென்றால் காமெடியன் என்று சினிமா நம்மைப் பழக்கி வைத்திருக்கிறது. இந்த நாவலில் அதே பாஷையில் ஜெபிக்கிறார்கள், காதலிக்கிறார்கள், கடன் கேட்கிறார்கள். நடுவில் கொஞ்சம் இழுக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. சென்னைக்கு வேலைக்குப் போகிற தம்பிகள் போவதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும்.

தன்வரலாறுகளில் எனக்கு மிகவும் நெருக்கமானது வங்க எழுத்தாளர் மனோரஞ்சன் பியாபாரியுடையது. நாமசூத்திரர், அகதியாக வந்த குடும்பம். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். சிறையில்தான் எழுத்து கற்றுக்கொண்டார். வெளியே வந்து கொல்கத்தாவில் ரிக்‌ஷா இழுத்தார். கையில் கிடைத்ததையெல்லாம் படித்தார். 'ஜிஜீவிஷா' என்ற சொல்லுக்குப் பொருள் தெரியாமல் தவித்தவர், ஒருநாள் தன் வண்டியில் ஏறிய, படித்தவராகத் தெரிந்த அம்மாவிடம் அதைக் கேட்டார். வாழ வேண்டும் என்கிற வேட்கை என்று அந்த அம்மா பொருள் சொன்னார். அவர்தான் மகாசுவேதா தேவி. தன் பத்திரிகைக்கு எழுதச் சொன்னவரும் அவரே. பியாபாரி பிறகு ஒரு பள்ளியில் சமையற்காரராக இருந்துகொண்டே எழுதினார். 2021இல் மேற்கு வங்கச் சட்டமன்றத்துக்கும் போனார். ஆங்கில மொழிபெயர்ப்பு 2018இல் வந்தது. இந்தப் புத்தகத்திலும் அடி உண்டு, பசி உண்டு, தங்கையே. ஆனால் சவாரியிடம் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கிற அந்தக் கட்டத்தைப் படித்துப் பார்.

சுஜாதா கிட்லாவின் 'யானைகளுக்கிடையே எறும்புகள்' 2017இல் ஆங்கிலத்தில் வந்தது. ஆந்திரத்தில் பிறந்து நியூயார்க் சுரங்க ரயிலில் நடத்துநராக வேலை பார்ப்பவர். தாய்மாமன் கே.ஜி. சத்தியமூர்த்தியின் கதையும் அம்மாவின் கதையும் அதில் சேர்ந்தே வருகின்றன. யோகேஷ் மைத்ரேயாவின் நினைவுக்குறிப்பு 2023இல் வந்தது. நாக்பூர்க்காரர், 'பாந்தர்ஸ் பா' பதிப்பகத்தைத் தொடங்கியவர். தனிமையையும் காதலையும் புத்தகங்களையும் பற்றி வெட்கப்படாமல் எழுதியிருக்கிறார். கல்லூரித் தம்பிகளுக்கு இது.

யாஷிகா தத் தன் சாதியை வருடக்கணக்கில் மறைத்து வாழ்ந்த பத்திரிகையாளர். 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் வெமுலா இறந்த பிறகுதான் வெளிப்படையாகச் சொன்னார். 2019இல் அதைப் புத்தகமாக்கினார். 'நம்ம வீட்டு முகவரியை மாத்திச் சொல்லு' என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் இந்த அறையிலும் இருக்கிறார்கள், அவர்களுக்காக இதைச் சேர்க்கிறேன்.

ரோஹித் தன் கடைசிக் கடிதத்தில், கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுத்தாளராக விரும்பியதைச் சொல்லியிருந்தார். விண்மீன்களைப் பற்றி எழுத ஆசைப்பட்ட ஒருவரை நாம் இழந்தோம். இதை நினைக்காமல் என்னால் அறிவியல் புனைவு பற்றிப் பேச முடியவில்லை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வைப் பள்ளியில் படிக்கும்போது ஜீனோ நாய்க்குட்டி எனக்கு உயிர். அந்த எதிர்காலத்தில் சாக்கடையை யார் அள்ளுவார்கள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கதை காட்டிய காலத்துக்கே நாம் வந்துவிட்டோம். 2013இல் சட்டமும் வந்துவிட்டது. மலக்குழிக்குள் இன்னும் மனிதர்தான் இறங்குகிறார். 2024இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் சாதி எதிர்ப்பு அறிவியல் புனைவுகளை ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பாகக் கொண்டுவந்தது. எல்லாக் கதைகளும் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். நாளையைக் கற்பனை செய்யும் உரிமையையும் விடமாட்டோம் என்று கிளம்பியிருக்கிறார்களே, அதற்காகவே வாங்கலாம்.

ஆங்கிலப் புத்தகம் யாருக்குப் படிக்க வரும் என்று ஒரு தோழர் கேட்டார், நியாயம்தான். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி போதும். மாதம் ஒரு அத்தியாயத்தை வாய்விட்டுத் தமிழில் சொல்ல நான் தயார், கூடவே இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் வேண்டும். மிச்சப் பணம் தமிழ்ப் புத்தகங்களுக்கு. 'வெக்கை' மட்டும் மூன்று பிரதி.

அந்தத் தங்கைக்குப் போன மாதம் 'வெக்கை'யைக் கொடுத்தேன். நாலே நாளில் திருப்பிக் கொடுத்தாள். பிடித்திருக்கிறது என்றாள். உடனே அடுத்த கேள்வி: "அப்பாவும் பையனும் காட்டுல ஆக்கித் தின்னுட்டு எவ்ளோ பேசுறாங்க. அம்மாவும் தங்கச்சியும் அந்த நாளெல்லாம் என்னண்ணா பண்ணிக்கிட்டு இருந்தாங்க?"

இந்த முறை நான் வரலாறு சொல்லவில்லை. சிவகாமியின் 'பழையன கழிதலும்' நாவலை எடுத்துக் கொடுத்தேன். 1989இல் வந்தது. நம் தலைவர்கள் வீட்டுக்குள் எப்படி இருக்கிறார்கள் என்று ஒரு மகளின் கண்ணால் பார்க்கிற நாவல். அதை எழுதிய பிறகு, தன் நாவலையே திரும்ப விசாரித்து 'ஆசிரியர் குறிப்பு' என்று இன்னொன்றையும் எழுதினார் சிவகாமி. இரண்டையும் படித்துவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு இதே இடத்தில் அந்தத் தங்கை பேசுகிறாள். நான் கீழே உட்கார்ந்து கேட்கப் போகிறேன். வந்துவிடுங்கள் தோழர்களே. ஜெய்பீம்.