வலிப்பு வந்த நாயெல்லாம் வெறிநாயா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கால்நடைப் பராமரிப்புக் குழு சார்பில் பேசியது)



ஆடு, மாடு, கோழி பற்றி இந்தக் கூட்டத்தில் எத்தனையோ தடவை பேசியாச்சு. உள்கடன் வாங்கி ஆடு வாங்கினவங்க நம்மில் பாதிப்பேர். ஆனா அந்தப் பட்டியை ராத்திரி முழுக்கக் காவல் காக்கிற நாயைப் பற்றி ஒரு நாளும் பேசினதில்லை. இன்னைக்கு அதைப் பேசணும் என்று நாங்களேதான் கேட்டு நேரம் வாங்கினோம். காரணம் இருக்கு.

போன மாசம் பக்கத்து ஊரில், குட்டி போட்டு மூணு வாரமான ஒரு நாய். காலையிலிருந்தே மூச்சு வாங்கிக்கொண்டு நிலைகொள்ளாமல் சுற்றியிருக்கு. மதியம் கால் விறைத்து விழுந்து, வெட்டி வெட்டி இழுத்திருக்கு. வாயில் நுரை. "வெறி பிடிச்சிடுச்சு" என்று ஒரு சத்தம் கிளம்பினதுதான், நாலு பேர் தடியோடு வந்துட்டாங்க. அந்த வீட்டு அக்கா குறுக்கே நின்று, தடுப்பூசி அட்டையை எடுத்துக் காட்டி, யாரையும் கிட்டே விடாமல் கால்நடை மருத்துவரை வரவழைத்தார். அவர் கால்சியம் மருந்தை ரத்தநாளத்தில் மெதுவாக ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் நாய் எழுந்து நின்றது. குட்டிகள் குடிக்கிற பாலில் தாயின் சுண்ணாம்புச் சத்து போய்விட்டதுதான் விஷயம். குட்டி போட்ட முதல் ஒரு மாசத்துக்குள்தான் இது அதிகம் வரும். அட்டை கையில் இல்லாமல் இருந்தால் அந்த நாய் அன்றைக்கே செத்திருக்கும், அஞ்சு குட்டியும் கூடவே.

காய்ச்சல் மாதிரி வலிப்பும் ஒரு அறிகுறி. மூளையில் ஓடுகிற மின்துடிப்பு தாறுமாறாகிவிட்டால் உடம்பு இழுக்கும். ஏன் தாறுமாறானது என்பதற்குத்தான் பல காரணம். நாயின் வயசைக் கேட்டாலே பாதி தெரிஞ்சிடும்.

சின்னக் குட்டியாக இருந்தால், வயிற்றில் பூச்சியும் பட்டினியும் சேர்ந்து ரத்தத்தில் சர்க்கரை இறங்கி இழுக்கலாம். இன்னொன்று டிஸ்டம்பர் என்கிற நச்சுயிரி நோய். முதலில் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் சளி, கழிச்சல். தேறிவிட்டது போல இருக்கும்போது தாடை மட்டும் எதையோ மெல்லுகிற மாதிரி துடிக்கும். அப்புறம் வலிப்பு. மனுஷருக்கு இது ஒட்டாது. வந்த பிறகு காப்பாற்றுவது கஷ்டம்; ஆறு முதல் எட்டு வார வயசிலேயே தடுப்பூசியைத் தொடங்கிடணும்.

அடுத்தது விஷம். இதில் நம்ம கை இருக்கு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்றோம். நாய்க்கு உண்ணி என்றால் நம்மில் பலர் என்ன செய்யறோம்? பருத்திக்கு அடிச்ச மருந்து மிச்சம் இருக்கே என்று அதைக் கலக்கி உடம்பில் தேய்க்கிறோம். மருந்து தோல் வழியாகவும் உள்ளே போகும், நாய் நக்கியும் உள்ளே போகும். எச்சில் ஒழுகும், கண்ணில் நீர் வடியும், கழிச்சல், நடுக்கம், பிறகு வலிப்பு. மாட்டு உண்ணிக்குக் கொடுத்த மருந்தை அளவு தெரியாமல் ஊற்றினாலும் ஆபத்துதான். அப்படி ஆகிவிட்டால், இழுப்பு இல்லாத நேரத்தில், கைக்கு உறை போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரில் கழுவி, மருந்து டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஓடணும். டப்பாவைப் பார்த்தால்தான் எந்த மாற்று மருந்து என்று டாக்டர் முடிவு செய்ய முடியும். எலிக்கு வைக்கிற கறுப்புப் பொடியும் இப்படித்தான் இழுக்க வைக்கும். அதற்குப் பால், சோறு கொடுத்தால் வயிற்றில் அமிலம் சுரந்து விஷவாயு இன்னும் கூடும்.

ஆறு மாசத்திலிருந்து ஆறு வயசுக்குள், வேறு ஒரு குறையும் இல்லாத நாய்க்கு அப்பப்ப வலிப்பு வந்து போனால் அது காக்காவலிப்பாக இருக்கலாம். தினமும் மாத்திரை கொடுத்து அடக்கி வைக்கலாம். நல்லாயிடுச்சு என்று மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் முன்னைவிட பலமாக வரும். கிழட்டு நாய் என்றால் மூளைக்கட்டி, ஈரல், சிறுநீரகம் என்று பார்க்கணும்.

இனி வெறிநோய். இதிலும் வலிப்பு வரும் என்பது உண்மை, அதை நாங்க மறைக்கலை. ஆனா வெறிநோயில் நாயின் குணமே மாறும், குரல் மாறும், விழுங்க முடியாது, பின்னங்கால் வாதம் வரும், சில நாளில் செத்துப்போகும். தாடை தொங்கி எச்சில் ஒழுகினால் "தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கு" என்று கையை விடுவாங்க. அதைவிட ஆபத்து வேறில்லை. பார்வையால் மட்டும் முடிவு கட்டவும் முடியாது. அதனால் ஊசி போடாத நாய், தெருநாய் என்றால் யாரும் தொடவே வேண்டாம். அடிக்கவும் வேண்டாம், அடிக்கப் போனவங்கதான் கடிபடுவாங்க. கடிபட்டாலோ, எச்சில் புண்ணில் பட்டாலோ, ஓடுகிற தண்ணியில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையம் போகணும். வெறிநோய் வந்துவிட்டால் மனுஷரைக் காப்பாற்ற அநேகமாக வழியே இல்லை. மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் கடிவாயில் வைக்காதீங்க.

வீட்டு நாய்க்கு வலிப்பு வந்தால் சாவிக்கொத்து, வெங்காயம் எல்லாம் எதுக்கு? சுற்றியுள்ள கல், கட்டையை நகர்த்துங்க. பிள்ளைகளை உள்ளே அனுப்புங்க. வாய்க்குள் கரண்டியோ கையோ விடக் கூடாது, நாய் நாக்கை விழுங்காது. தண்ணி, புளிக்கரைசல் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். கடிகாரத்தைப் பாருங்க. அஞ்சு நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலோ, ஒரே நாளில் ரெண்டாவது தடவை வந்தாலோ காத்திருக்காதீங்க, 1962-க்குப் போன் போட்டுக் கேளுங்க. செல்போனில் படம் பிடிக்க முடிஞ்சால் பிடியுங்க, டாக்டர் வரும்போது பெரும்பாலும் இழுப்பு நின்றிருக்கும்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும், வீட்டு வாரியாக எத்தனை நாய், கடைசியாக எப்போது வெறிநோய் ஊசி போட்டது என்று எழுதிக்கொண்டு வாங்க. மூணு மாச வயசில் முதல் ஊசி, பிறகு வருஷா வருஷம். விடுபட்டவைகளுக்கு ஒரே நாளில் முகாம் போடும்படி மருந்தகத்தில் எழுதிக் கேட்கலாம் என்று இருக்கோம். நாயைக் கட்ட நல்ல கயிறு வேணும், சேலைக் கிழிசல் வேண்டாம்.