பூட்ட வேண்டியதும் திறக்க வேண்டியதும்

(பள்ளி திறப்பதற்கு முன், ஆசிரியர்களுக்கும் பள்ளி நூலகப் பொறுப்பாளர்களுக்கும் நடந்த ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வாத்தியார் கிடையாது. வங்கியில் கிளார்க். கவிதை எழுதுகிறவன் என்பதால் கூப்பிட்டிருப்பீர்கள். ஆனால் கவிதை பற்றிப் பேசப்போவதில்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்லத்தான் வந்தேன். இன்னும் ரெண்டு வாரத்தில் பள்ளிக்கூடம் திறக்குது. புது ரிஜிஸ்டருக்குக் கோடு போட ஆரம்பிக்கப்போறீங்க. அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறந்ததும் எங்கள் கிளைக்குச் சேரியிலிருந்து அம்மாக்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். உதவித்தொகைக்குக் கணக்குத் தொடங்க. ரெண்டு போட்டோ, ஆதார், ஒரு விண்ணப்பம். அன்றைய கூலியை விட்டுவிட்டுத்தான் வந்திருப்பார்கள். போன வருஷம் ஆறாவது படிக்கிற ஒரு பெண்பிள்ளை, ஃபாரத்தை மடித்து மடித்துச் சுருட்டிக்கொண்டே நின்றாள். "கசக்கிடாதம்மா" என்றேன். அம்மாதான் பதில் சொன்னார்: "நேத்து கிளாஸ்ல 'எஸ்.சி. புள்ளைங்கல்லாம் எழுந்திருங்க'ன்னு சொன்னாங்களாம் சார். அதுலேர்ந்து எனக்குப் பணமே வேணாங்கிறா."

எனக்குச் சுருக்கென்றது. நானும் எட்டாம் வகுப்பில் அப்படி எழுந்து நின்றவன். அதுவரை என் டிபன் பாக்ஸில் கைவிட்டுத் தின்றவன், அன்று மத்தியானம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். அவன் கெட்டவனில்லை. அவனுக்குத் தெரியாது. வாத்தியார் சொல்லிக்கொடுத்தார், கற்றுக்கொண்டான். அன்றைய பாடம் அதுதான்.

எங்கள் வங்கியில் ஒரு விதி உண்டு. ஒருத்தர் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று இன்னொருத்தரிடம் சொல்லக்கூடாது. புருஷன் வந்து பெண்டாட்டியின் இருப்பைக் கேட்டாலும் சொல்லக்கூடாது. சொன்னால் என் வேலைக்கே ஆபத்து. ஒருத்தர் பணத்துக்கு இவ்வளவு மரியாதை இருக்கும்போது ஒரு குழந்தையின் சாதிச் சான்றிதழுக்கு ஏன் இல்லை? நாற்பது பேர் முன்னால் அதை எப்படி உரக்கப் படிக்க முடிகிறது?

சாதியை மறைக்கச் சொல்லவில்லை. இடஒதுக்கீட்டுக்கும் உதவித்தொகைக்கும் பதிவு வேண்டும். வெட்கப்படவும் அவசியமில்லை. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்கே 'பறையன்' என்று பெயர் வைத்தார். நாமே நம் வாயால் சொல்வது கலகம். இன்னொருத்தர் நம்மை எழுப்பி நிறுத்திச் சொல்வது அதிகாரம். ரெண்டும் ஒன்றல்ல.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனையும், தடுக்க வந்த அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அரிவாள் ஒரே நாளில் வந்துவிடவில்லை. யார் என்ன சாதி என்று வகுப்பறையில் தெரிந்துகொள்ள ஏராளமான வழிகள் திறந்து கிடக்கின்றன. கையில் கட்டுகிற கலர் கயிறு ஒன்று. நம் ரிஜிஸ்டர் இன்னொன்று. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிநாயகம் சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, சாதியைச் சுட்டி மாணவரை அழைக்கக்கூடாது, சாதிக் கயிறு கூடாது என்று அதில் இருக்கிறது. பதிவேட்டில் ஒரு பத்தியை விடுவதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டியதில்லை. மனசிருந்தால் போதும்.

அடுத்தது பீரோ. நூலகப் பொறுப்பில் இருக்கிறவர்கள் கோபப்படாமல் கேளுங்கள்.

1987-இல் கரும்பலகைத் திட்டம் வந்தது. தொடக்கப்பள்ளிகளுக்கு ரெண்டு அறை, ரெண்டு வாத்தியார், பாடக் கருவிகள், கூடவே நூலகப் புத்தகங்கள். நான் படித்த பள்ளியிலும் அப்படி வந்த புத்தகங்கள் தலைமையாசிரியர் அறையில் ஒரு பச்சை பீரோவில் இருந்தன. அந்த அறையைக் கூட்டுவதும் பீரோவைத் துடைப்பதும் சேரிப் பிள்ளைகள் எங்கள் வேலை. வெளியே மூணு வருஷம் துடைத்திருக்கிறேன். உள்ளே இருந்த ஒரு புத்தகத்தைத் தொட்டதில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன். "கிழிச்சிட்டா யாருடா கட்றது? உங்கப்பனா?" என்றார். அதற்கப்புறம் கேட்கவில்லை.

அவருக்கும் ஒரு பயம் இருந்திருக்கும். இருப்புப் பதிவேடு, தணிக்கை, எண்ணிக்கை குறைந்தால் சம்பளத்தில் பிடித்தம். உங்களுக்கும் அந்தப் பயம் இருக்கிறது, தெரியும். நான் கணக்கு எழுதுகிறவன், ஒன்று சொல்கிறேன். கடந்த பத்தாண்டுகளில் வங்கிகள் பல லட்சம் கோடி ரூபாய் வாராக்கடனைக் கணக்கிலிருந்து நீக்கியிருக்கின்றன. கடன் தள்ளுபடி அல்ல, ஏட்டிலிருந்து எடுப்பது. பெரிய முதலாளிக்கு அப்படி ஒரு வரி எழுத முடிகிறது. ஒரு பிள்ளை படித்துப் படித்துக் கிழிந்த புத்தகத்துக்கு எழுத முடியாதா? சேர்ந்து கேளுங்கள். சங்கம் எதற்கு இருக்கிறது? அகவிலைப்படிக்கு மட்டுமா?

நம் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931-இல் வெளியிட்டார். முதல் விதியே புத்தகம் பயன்படுவதற்கு என்பதுதான். 2009-இன் கல்வி உரிமைச் சட்டமும் ஒவ்வொரு பள்ளியிலும் நூலகம் வேண்டும், செய்தித்தாள், பத்திரிகை, கதைப் புத்தகம் உட்பட இருக்க வேண்டும் என்று அட்டவணையிலேயே சொல்கிறது. ஆகவே பீரோவைத் திறப்பது உங்கள் தயவு அல்ல. பிள்ளையின் உரிமை.

புத்தகத்துக்கு என்ன சக்தி என்று கேட்பீர்கள். புனேயில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் நடத்திய பள்ளியில் படித்த முக்தா, மாங் சாதிப் பெண். 1855-இல், பதினாலு வயசில், தன் மக்கள் படும் துயரத்தை எழுதி அச்சில் ஏற்றினாள். அவளை யாரும் எழுப்பி நிறுத்தவில்லை. அவளே எழுந்தாள்.

எனவே இந்த ஜூனுக்குச் சில வேலைகள். உதவித்தொகை விஷயத்தை வகுப்பில் அறிவிக்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், அல்லது பெற்றோரிடம் பேசுங்கள். உட்காரும் இடத்தை மாதம் ஒருமுறை மாற்றுங்கள். வகுப்பைக் கூட்டுவது வரிசை எண்படி எல்லோருக்கும் வரட்டும். கழிப்பறை எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம். 2022-இல் ஈரோடு மாவட்டத்தில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவவைத்ததற்காக ஒரு தலைமையாசிரியை கைதானார். அது எங்கோ நடந்த கதையல்ல. பீரோவில் உள்ளதை வெளியே எடுத்து, பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் அடுக்குங்கள். எடுக்கிற புத்தகத்தின் பெயரை அவர்களே நோட்டில் எழுதட்டும். அம்பேத்கர் வாழ்க்கை வரலாறு ஒன்றாவது அதில் இருக்கட்டும்.

பூட்டி வைக்க வேண்டிய சாதி திறந்து கிடக்கிறது. திறந்து கிடக்க வேண்டிய புத்தகம் பூட்டிக் கிடக்கிறது. இதை மாற்றிப் போட்டால் போதும் என்று நான் சொல்லமாட்டேன். சேரிக்கும் ஊருக்கும் நடுவில் இருப்பது பீரோக் கதவு மட்டுமில்லை. ஆனால் உங்கள் கையில் இருப்பது இது.

அந்தப் பிள்ளைக்கு வேறு ஃபாரம் கொடுத்துக் கணக்குத் தொடங்கினேன். பாஸ்புத்தகத்தில் தன் பெயரை ரெண்டு தடவை படித்துப் பார்த்தாள். இந்த வருஷம் ஏழாவது. உங்களில் யாரோ ஒருவர் வகுப்பில்தான் உட்காரப்போகிறாள்.

எழுப்பாதீங்க.