வலியோடு பஸ் ஏற வேண்டாம்



பவுர்ணமி அன்னைக்கு நம்ம திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டை நினைச்சுப் பாருங்க. கிரிவலக் கூட்டத்துல நிற்கவே இடமிருக்காது. அதுல, கேன்சர் வந்த குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு வலிக்கு மருந்து தேடி வேலூருக்கோ புதுச்சேரிக்கோ கிளம்புற அம்மாவையும் நினைங்க. ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டை இருக்கு. பஸ் செலவுக்கும், அப்பா இழந்த கூலிக்கும்?

பேலியேட்டிவ் கேர்னா 'கைவிட்டுட்டாங்க'ன்னு அர்த்தமில்ல. நோய் தெரிஞ்ச நாளிலிருந்தே, மற்ற சிகிச்சையோடு சேர்த்தே குழந்தைக்குத் தொடங்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. மார்ஃபின் மாத்திரைக்கு விலை அதிகமில்ல, கெடுபிடிதான் அதிகம். 2014ல சட்டத்தைத் திருத்தி அதைக் குறைச்சாங்க. பயம்தான் இன்னும் போகல.

2021 ஆகஸ்ட் 5ல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல, வீட்டுக்கே வந்து பார்க்கிற பேலியேட்டிவ் நர்ஸ் உண்டு. காசு கிடையாது. சுகர், பிரஷர் மாத்திரை வீடு தேடி வர்றது எல்லாருக்கும் தெரியும். இது நம்ம ஆளுங்களுக்கே தெரியல. நானும் வயசானவங்களுக்கு மட்டும்னுதான் நினைச்சிருந்தேன்.

உங்க தெருவுல அப்படி ஒரு குழந்தை இருந்தா, நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துல போய்க் கேளுங்க. கூடவே போங்க. போட்டோ எடுத்து மட்டும் போடாதீங்க, ப்ளீஸ்.