லைன் இல்லாமல் பேசும் நீலப்பல்
(பரிசளிப்பு விழா உரை)



“சார், எங்க லயத்துப் பக்கம் லைனே கிடைக்காது, புளூடூத் எப்படி வேலை செய்யும்?” என்று பெற்றோர் சிலர் கேட்கிறார்கள். அதுக்கு லைனே வேண்டாமுங்க! கணினியும் விசைப்பலகையும், மவுஸும் ஒலிபெருக்கியும் வானொலி அலையால் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் முறை அது. ஏறக்குறைய 10 மீட்டர் தூரம் எட்டும். டேட்டா காசும் போகாது. ஓர் ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியிலிருந்து இன்னொன்றுக்குப் பாடங்களையும் அனுப்பலாம். காணொளி என்றால் நேரம் பிடிக்கும், பொறுக்கத்தான் வேண்டும்.

வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில்தான் இதுவும் இயங்குகிறது. அந்த நெரிசலில் பேச்சு எப்படிக் கேட்கும்? பழைய புளூடூத் முறையில் 79 தடங்களுக்கிடையே விநாடிக்கு 1600 முறை தாவுகிறார்கள். இணைந்த கருவிகள் இரண்டும் ஒரே வரிசையில் தாவுவதால் பேச்சு அறுவதில்லை.

1994-இல் சுவீடனின் எரிக்சன் நிறுவனம் தொடங்கிய முயற்சி இது. 1998-இல் நோக்கியா, ஐபிஎம், இன்டெல், தொஷிபா ஆகிய நிறுவனங்களும் கைகோத்தன. பெயரோ, 10-ஆம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் ‘நீலப்பல்’ அரசருடையது!

பெற்றோர்களே, அடுத்த வாரம் கைத்தொலைபேசியோடு கணினி அறைக்கு வாருங்கள். ஆறாம் ஆண்டுப் பயிற்சித் தாள்களை ஏற்றித் தருகிறேன்.