வருகைப் பதிவும் நம் கடமையும்



பள்ளிப் பதிவேட்டில் நம் பிள்ளைகளின் பெயர் ஏறுவதே அரிதாயிருந்த காலத்தில், 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றில் நம்மவர்க்கென இலவசப் பள்ளி தொடங்கினார். இன்றோ தமிழக அரசுப் பள்ளிகளில் ஒவ்வொரு மாணவர்க்கும் ‘எமிஸ்’ எண் உண்டு. ஆசிரியர் கைப்பேசிச் செயலியில் குறிக்கும் வருகை கல்வித்துறையின் கணினியைச் சென்றடைகிறது.

ஆயினும், பிள்ளை வரவில்லை என்பதையே செயலி காட்டும். பெற்றோருடன் செங்கற்சூளைக்குச் சென்றானா, தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றாளா என்பதைத் தெருவில் வாழும் நீங்களே அறிவீர்கள். சில நாள் வராமையே நாளடைவில் இடைநிற்றலாகிறது. ஆதலால் இளைஞர்களே, பள்ளி நேரத்தில் ஒரு பிள்ளையைத் தெருவில் கண்டால், அன்று மாலையே அவ்வீட்டிற்குச் சென்று பேசுங்கள். மறுநாள் ஆசிரியரிடம் அழைத்து வாருங்கள். அப்பிள்ளையின் பெயருக்கு நேரே மீண்டும் வருகை பதிவாவதே இவ்வெள்ளி விழாவின் பயனாகும்.