யாரும் எழுதலாம், சான்றோடு எழுதுவோம்



யாரும் திருத்தக்கூடிய விக்கிப்பீடியாவை நம்பலாமா? 2005இல் 'நேச்சர்' சஞ்சிகை 42 அறிவியல் தலைப்புகளை ஒப்பிட்டு, கட்டுரையொன்றில் சராசரியாக பிரித்தானிக்காவில் மூன்று, விக்கிப்பீடியாவில் நான்கு தவறுகள் கண்டது. அதே ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜோன் சீகெந்தாலர் பற்றிய பொய் நான்கு மாதங்களுக்கு மேல் அங்கே கிடந்தது. ஆகவே வாசியுங்கள், அடிக்குறிப்பையும் பாருங்கள்.

2003 முதல் வளரும் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு எங்கள் கைகளும் தேவை. ஆனால் ஞாபகம் மட்டும் அங்கே சான்றாகாது. வெளியான நூலோ பத்திரிகையோ வேண்டும். எமது ஆசிரியைகளைப் பற்றி அறிந்ததை, ஆண்டும் பெயரும் சரிபார்த்து, முதலில் அச்சில் ஏற்றுங்கள். இல்லையேல் அவர்கள் வரலாறு எங்களோடு போய்விடும்.