பதில் போட்டியா?
எழுத்துப் போட்டிகளும் பதிப்பு வாய்ப்புகளும் புதிதாக எழுத வருகிறவர்களும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் பற்றிச் சிறிது நேரம் பேசிவிட்டு, பிறகு தலைப்புக்குப் போவது வழக்கம். எனக்கு அந்தச் சிரமம் இல்லை. ஐயாவைப் பற்றிப் பேசினாலே இன்றைய தலைப்பைப் பேசியதாகிவிடும்.

ஐயா எழுதிய புத்தகங்கள் குறைவு. அவர் எழுதிய அஞ்சலட்டைகள் அதிகம். யார் கதை அனுப்பினாலும், கவிதை அனுப்பினாலும் ஒரு வாரத்தில் பதில் வந்துவிடும். நாலே வரி. எந்த இடம் பிடித்தது என்று ஒரு வரி. எந்த இடம் விளங்கவில்லை என்று ஒரு வரி. படிக்க வேண்டிய ஒரு புத்தகத்தின் பெயர். நாலாவது வரி எல்லோருக்கும் ஒன்றுதான்: “அடுத்ததை எப்போது அனுப்புவாய்?” இந்த அரங்கில் இருக்கும் பலரின் வீட்டில் அந்த அட்டை இருக்கும். என்னிடம் பதினேழு இருக்கின்றன.

நாம் ஏன் சொந்த இதழ் தொடங்கினோம்?

நம் எழுத்தின் வரலாறு போட்டியில் வென்ற வரலாறு இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்பட்ட பெயரையே தலைப்பில் வைத்து 1900 வரை நடத்தினார். 1907இல் சென்னை ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைக் கொண்டுவந்தார். ஓராண்டில் அது ‘தமிழன்’ ஆனது. 1914இல் அவர் மறைந்தார். பிற்பாடு அந்த இதழை மீட்டு நடத்தியதும், அவருடைய எழுத்துகளை நூல்களாக அச்சிட்டதும் கோலார் தங்கவயலின் பௌத்தர்கள். சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்த மக்களின் ஊர் அது. அந்த ஊர்தான் ஒரு பதிப்பு இயக்கத்தைத் தாங்கியது.

பம்பாயில் 1920 ஜனவரி 31 அன்று பாபாசாகேப் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்று பொருள். அதற்குச் சாகு மகாராஜா 2,500 ரூபாய் கொடுத்தார். காசு கொடுத்து விளம்பரம் போடக் கேட்டபோதும் திலகரின் ‘கேசரி’ மறுத்துவிட்டது. கட்டுரையைக்கூட அல்ல, விளம்பரத்தை மறுத்தார்கள் என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் காலத்துக்கு வருவோம். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. பெரிய பதிப்பகம் எதுவும் அதைத் தேடிப்போகவில்லை. மதுரையில் சமூகச் செயல்பாட்டில் இருந்த ஒரு மையம் வெளியிட்டது. லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000இல் வந்து கிராஸ்வேர்ட் விருது பெற்றது. விருது வந்த பிறகுதான் அதைக் கையில் எடுத்தவர்கள் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியும்.

இதையெல்லாம் சொல்வது, போட்டியே வேண்டாம் என்பதற்காக இல்லை. முதல் தலைமுறையாக எழுத வருகிற ஒரு பெண்ணுக்கு, ஒரு பையனுக்கு, போட்டி அறிவிப்புதான் பல நேரம் முதல் அழைப்பு. ‘எழுதி அனுப்பு, நாங்கள் படிக்கிறோம்’ என்று அதற்கு முன் அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் அப்படித்தான்.

என் அம்மா பேசிய தமிழ்

நான் இளங்கலை இரண்டாம் ஆண்டு படித்தபோது ஒரு சிறுகதைப் போட்டிக்கு அனுப்பினேன். செய்யாறு பக்கம் எங்கள் ஊர். அறுப்புக் கூலியாக நெல் அளக்கும்போது மரக்காலைச் சாய்த்துப் பிடித்து அளக்கிற ஒருவரை, என் அம்மா களத்துமேட்டில் நின்று கேள்வி கேட்டதுதான் கதை. அம்மா பேசியதை அப்படியே எழுதியிருந்தேன்.

ஒரு கடிதம் வந்தது. கரு நன்று, நடை கொச்சையாக உள்ளது, உரையாடல்களைத் திருத்தி அனுப்பினால் பரிசீலிக்கலாம் என்று. எனக்கு அது பெரிய கௌரவமாக இருந்தது. இரண்டு இரவு உட்கார்ந்து திருத்தினேன். “இன்னாயா, மரக்கா சாஞ்சிகினுகீது” என்று அம்மா கேட்டது, “என்ன ஐயா, மரக்கால் சாய்ந்திருக்கிறதே” என்று ஆனது. ஆறுதல் பரிசு கிடைத்தது. இருநூறு ரூபாயும் ஒரு சான்றிதழும். கதை மலரில் அச்சானது.

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு அம்மா சொன்னது: “நல்லாத்தான் கீது. யாரு இந்தப் பொம்பள? ஐயமாரு ஊட்டு அம்மாவா?”

நான் சிரித்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. களத்துமேட்டில் அத்தனை பேர் முன்னால் பேசி, அடுத்த இரண்டு மாதம் அந்த நிலத்தில் வேலை கிடைக்காமல் இருந்தவள் என் அம்மா. அந்தப் பேச்சை நானே அவளிடமிருந்து பிடுங்கி, வேறு யாருக்கோ கொடுத்திருந்தேன். மரக்கால் சாய்ந்ததைக் கேட்டவளின் வாயை மகள் சாய்த்துவிட்டாள். அதற்குக் கூலி இருநூறு ரூபாய்.

சமூகவியல் படிக்கப் போன பிறகு இதற்கு ஒரு பெயர் இருப்பது தெரிந்தது. பண்பாட்டு மூலதனம் என்பார் பியர் பூர்தியு. எது நல்ல நடை, எது நல்ல ரசனை என்று தீர்மானிக்கும் அதிகாரம், வீட்டிலேயே அந்த நடையோடு வளர்ந்தவர்களுக்கு இயல்பாகக் கிடைத்துவிடுகிறது. மற்றவர்களுக்கு அது தகுதி என்ற பெயரில் தேர்வாக வைக்கப்படுகிறது. பெயரை மறைத்துக் கதைகளை நடுவரிடம் கொடுக்கிறோம், அதனால் சாதி பார்ப்பதற்கு வழியில்லை என்று சொல்வார்கள். பெயரை மறைக்கலாம். மொழியை எப்படி மறைப்பது? அது முதல் வரியிலேயே தெரு சொல்லிவிடுகிறதே.

இன்னொன்று, வாசலுக்கு முன்னால் இருக்கும் வாசல். 1970 முதல் இயங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு மாதந்தோறும் ஒரு நல்ல சிறுகதையைத் தேர்ந்தெடுத்தது. நல்ல பணி. ஆனால் இதழ்களில் ஏற்கெனவே அச்சான கதைகளிலிருந்துதான் தேர்வு. இதழுக்குள் நுழையாதவர் அந்தத் தேர்வுக்குள்ளும் நுழைய முடியாது. சாகித்திய அகாதெமி 2011 முதல் யுவ புரஸ்கார் வழங்குகிறது. 50,000 ரூபாய். வயது 35க்குள் இருக்க வேண்டும். 1950இல் பிறந்த ராஜ் கௌதமனின் முதல் நாவலான ‘சிலுவைராஜ் சரித்திரம்’ 2002இல் வந்தது. அப்போது அவருக்கு 52 வயது. தங்கை திருமணம் முடித்து, கடன் அடைத்து, வேலை நிரந்தரமாகி, அதன் பிறகு பேனா எடுக்கிறவர்களுக்கு ‘இளம் எழுத்தாளர்’ என்ற சொல்லில் இடமில்லை.

நான் நடுவராக இருந்தபோது

இதுவரை மற்றவர்களைக் குறை சொன்னேன். இப்போது என்னைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி மாணவர்களுக்கான ஒரு போட்டியில் நானும் ஒரு நடுவர். அறுபதுக்கு மேல் கதைகள். கையில் இருந்தது பத்து நாள். பெரும்பாலானவை தட்டச்சு செய்தவை. ஒன்று மட்டும் கோடு போட்ட நோட்டுத் தாளில், பத்தி பிரிக்காமல், ல ள ழ மூன்றும் இடம் மாறி இருந்தது. முதல் பக்கம் படித்தேன். குறைந்த மதிப்பெண் போட்டு ஒதுக்கினேன். முடிவு அனுப்பியாயிற்று.

கட்டுகளைத் திருப்பித் தருவதற்காக அடுக்கும்போது அந்தத் தாள்கள் கண்ணில் பட்டன. நின்றபடியே படித்தேன். ஆதிதிராவிடர் நல விடுதி ஒன்றில் கறி போடும் நாள். ஆளுக்கு எத்தனை துண்டு என்று எண்ணிப் போடுகிறார்கள். ஒரு பையன் தன் துண்டுகளைத் தின்னாமல் காகிதத்தில் மடித்து, பேருந்தேறி, தங்கைக்குக் கொண்டுபோகிறான். போய்ச் சேரும்போது கெட்டுப்போயிருக்கிறது. தங்கை அதைச் சொல்லாமல் சாப்பிடுகிறாள். அவ்வளவுதான் கதை. அந்தக் கட்டிலேயே அதுதான் சிறந்த கதை. ‘நடை கொச்சை’ என்று எனக்கு எழுதிய அந்த முகம் தெரியாத நடுவர் குறைந்தபட்சம் முழுக் கதையையும் படித்திருந்தார். நான் அதையும் செய்யவில்லை.

ஐயாவிடம் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: “பரிசு குடுக்காட்டிப் போவட்டும்மா. பதில் போட்டியா?”

போடவில்லை. விடுதி முகவரிக்கு எழுதினேன். தேர்வு முடிந்து அவன் போய்விட்டிருந்தான். கடிதம் திரும்பி வந்தது. அவன் மறுபடி எழுதினானா என்று எனக்குத் தெரியாது. இந்த அரங்கில் இருந்தால், தம்பி, கூட்டம் முடிந்ததும் என்னிடம் வா.

மாணவர்களுக்குச் சில நடைமுறைச் செய்திகள்

கதை அனுப்பும் முன் போட்டி விதிகளை முழுவதும் படியுங்கள். ‘அனுப்பப்படும் படைப்புகளின் உரிமை அமைப்பாளருக்கே’ என்று ஒரு வரி இருந்தால் கவனம். பரிசு கிடைக்காத கதையும் அவர்களுக்குப் போய்விடும் என்பதுபோல் எழுதியிருப்பார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய கணமே உரிமை உங்களுடையது. பதிவு செய்வது கட்டாயம் இல்லை. உரிமையை மாற்றித் தருவதென்றால் அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று இல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாதவரை, அது காலாவதியாகும். பதிப்பாளர் அண்ணன் மாதிரிப் பழகுவார். பழகட்டும். ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டு பழகுங்கள்.

நுழைவுக் கட்டணம் வாங்கி, எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்து, தொகுப்பு நூலை எழுதியவர்கள் தலையிலேயே விற்கும் போட்டிகள் பெருகியிருக்கின்றன. அங்கே வாசகர் என்று யாரும் கிடையாது, வாடிக்கையாளர்கள்தான். அந்தப் பணத்தில் நாலு புத்தகம் வாங்குங்கள். சொந்தமாக அச்சிடுவது தவறில்லை. தேவைக்கேற்ப ஐம்பது, நூறு படிகள் அச்சிடும் வசதி இப்போது உண்டு. ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு இந்தியாவில் கட்டணம் கிடையாது. அதற்குத் தனியாகப் பணம் கேட்கிறவரிடம் காரணம் கேளுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடி எழுத்தாளர்கள் நூல் வெளியிடத் தமிழக அரசின் நிதியுதவித் திட்டம் இருக்கிறது. அறிவிப்பு எப்போது வருகிறது என்று மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே இருங்கள். அது யாருடைய கருணையும் இல்லை. நம் வரிப்பணம்.

நம் அமைப்பிடம் ஒரு கோரிக்கை

ஐயா பெயரில் ஆண்டுதோறும் ஒரு போட்டி நடத்தலாம் என்று தோழர்கள் யோசிப்பதாகச் சொன்னார்கள். நடத்துவோம். ஆனால் சில விதிகளை மாற்றி எழுதுவோம்.

வயது வரம்பு வேண்டாம். இதுவரை புத்தகம் வராதவர் என்பது போதும். கையெழுத்தில் அனுப்பலாம். எழுதத் தெரியாதவர் பேசி, குரல் பதிவாக அனுப்பலாம், நம் மாணவர்கள் எழுதிக்கொடுப்பார்கள். என் அம்மா கலந்துகொள்ள முடிகிற போட்டியாக அது இருக்க வேண்டும். எழுதியவரைக் கேட்காமல் ஒரு சொல்லையும் திருத்தக் கூடாது. நடுவர்களில் பாதிப்பேர் பெண்கள். ஒருவராவது எழுத்தாளர் அல்லாத, நல்ல வாசகர்.

நம் கணக்கையும் நாம் பார்க்க வேண்டும். நம் மேடைகளிலும் இதழ்களிலும் அருந்ததியர் எத்தனை பேர்? இருளர் எத்தனை பேர்? பெண்கள் எத்தனை பேர்? நம்மை உள்ளே விடவில்லை என்று கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது. நம் வாசலில் நிற்கிறவர் யார் என்று பார்க்கிற கடமையும் அதோடு சேர்ந்ததுதான்.

கடைசி விதி, வந்த ஒவ்வொரு படைப்புக்கும் பதில். முதல் பரிசுத் தொகையைப் பாதியாக்கினாலும் பரவாயில்லை. நூறு கதை வந்தால், பத்துப் பேர் ஆளுக்குப் பத்துக் கதை. ஒவ்வொன்றுக்கும் நாலு வரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஐயா ஒற்றை ஆளாக இதைச் செய்தார்.

இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத்தில் நாம் இழந்த ரோகித் வெமுலா எழுத்தாளனாக வேண்டும் என்று ஆசைப்பட்டவர். அறிவியல் எழுத்தாளர், கார்ல் சேகன் போல. கடைசியில் தன்னால் எழுத முடிந்தது இந்தக் கடிதம் மட்டுமே என்று அந்தக் கடிதத்திலேயே குறிப்பிட்டார். அந்தப் பல்கலைக்கழகம் அவருக்குச் செய்ததை நாலு வரி அட்டை தடுத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. எழுத நினைக்கிற பிள்ளைகளின் முதல் கடிதத்துக்கு யாராவது பதில் எழுத வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

அந்த மரக்கால் கதையை நான் திரும்ப எழுதினேன், அம்மாவின் பேச்சிலேயே. அச்சாகப் பதினோரு ஆண்டு ஆனது. வாசித்துக் காட்டியபோது அம்மா குறுக்கே ஒரு வார்த்தையும் பேசவில்லை. முடித்ததும், “அப்புறம் அவன் இன்னா சொன்னான்னு எழுதலையே” என்றாள்.

அதை இன்னும் எழுதவில்லை. வாசலில் ஒரு மேசையில் எழுதப்படாத அஞ்சலட்டைகள் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரிந்து எழுத ஆரம்பித்திருக்கிற ஒருவருக்கு இன்றைக்கே அனுப்புங்கள். நாலாவது வரி என்னவென்று உங்களுக்குத் தெரியும்.